வோலக் துப்பாக்கியின் ஆளா, தற்காப்பின் ஆளா?

கேள்வி (வாசகர் ஒருவர், 2025 பிப்ரவரி 8)

யூஜின் வோலக் என்ற அமெரிக்க சட்டப் பேராசிரியரின் கட்டுரைகளை உச்ச நீதிமன்றமே ஹெல்லர் என்ற துப்பாக்கி உரிமை வழக்கின் தீர்ப்பில் மேற்கோள் காட்டியிருக்கிறதாம். இவர் துப்பாக்கிக் கம்பெனிகளின் ஆள்தானே? "மிலிஷியா" (குடிமக்கள் படை) என்ற சொல் அரசியல் சட்டத் திருத்தத்திலேயே இருக்கும்போது அதைக் கண்டுகொள்ளாமல் தனிமனித உரிமை என்று எப்படி எழுதினார்? யாராவது படித்திருக்கிறீர்களா?

பிப்ரவரி 8, இரவு

படித்திருக்கிறேன். கண்டுகொள்ளாமல் எழுதினார் என்பது அபாண்டம். 1998இல் அவர் எழுதிய கட்டுரை முழுக்க முழுக்க அந்த மிலிஷியா வரியைப் பற்றியதுதான்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தில் மொத்தம் 27 சொற்கள். முன்பாதி காரணம் சொல்கிறது: ஒழுங்கான மிலிஷியா சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை. பின்பாதி உரிமையைச் சொல்கிறது: ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை மீறக்கூடாது. முன்பாதி பின்பாதியைக் கட்டிப்போடுமா என்பதில்தான் சண்டை. வோலக் செய்தது எளிமையான வேலை. அந்தக் காலத்து மாநில அரசியல் சட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு, இப்படிக் காரணத்தோடு எழுதிய உரிமைகள் வேறு எங்கே இருக்கின்றன என்று தேடினார். நிறையவே கிடைத்தன. ரோட் ஐலண்டின் 1842 சட்டம், பத்திரிகைச் சுதந்திரம் ஒரு நாட்டின் சுதந்திரத்துக்கு அவசியம் என்பதால் யாரும் எந்த விஷயத்திலும் தன் கருத்தை வெளியிடலாம் என்கிறது. அப்படியானால் நாட்டின் சுதந்திரத்துக்குச் சம்பந்தமில்லாத சமையல் குறிப்புக்குப் பாதுகாப்பு கிடையாதா? யாரும் அப்படிச் சொல்வதில்லை. நியூ ஹாம்ப்ஷயரின் 1784 சட்டம், குற்றம் நடந்த மாவட்டத்திலேயே விசாரிப்பதுதான் மக்களின் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு என்று காரணம் சொல்லிவிட்டு உரிமையைத் தருகிறது. ஒரு வழக்கில் பக்கத்து மாவட்டமே நியாயமாக விசாரிக்கும் என்று தெரிந்தாலும் அந்த உரிமை போய்விடாது.

ஆக, காரணமும் உரிமையும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். 2008இல் ஹெல்லர் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா இதை எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 9

நேற்று எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். வோலக்குக்கு வக்கீல் வேலை பார்த்த மாதிரி இருக்கிறது. என் தயக்கத்தையும் எழுதிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் சட்டம் எப்படி எழுதினார்கள் என்பதை 1998 கட்டுரை காட்டுகிறது, அவ்வளவுதான். "ஆயுதம் ஏந்துதல்" என்றால் திருத்தம் வந்த 1791இல் சாதாரண ஆள் என்ன புரிந்துகொண்டார், படையில் சேர்ந்து ஏந்துவதையா, வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று ஏந்துவதையா? அது தனிக் கேள்வி. ஹெல்லரில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஸ்டீவன்ஸ் பிடித்துக்கொண்டது அதைத்தான். 5க்கு 4 என்று பிரிந்த தீர்ப்பு அது. வோலக்கின் இந்தக் கட்டுரையை மட்டும் வைத்து ஐந்து பேர் பக்கம் போய்விட முடியாது. போகக்கூடாது என்றும் இந்தக் கட்டுரை சொல்லாது.

பிப்ரவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

"துப்பாக்கிக் கம்பெனி ஆள்" பற்றி. வோலக் கீவ் நகரில் 1968இல் பிறந்தவர். ஏழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். பதினைந்து வயதில் கணினி, கணிதப் பட்டம் வாங்கிய ஆள். பிறகு சட்டம், உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம் வேலை, முப்பது வருடம் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலையில் பேராசிரியர். எழுதியதில் பெரும்பகுதி பேச்சுரிமை பற்றியது, துப்பாக்கி பற்றியது கொஞ்சம்தான். கருத்தைப் பிடிக்கவில்லை என்றால் கருத்தைத் திட்டுங்கள்.

இன்னொன்று. தனிமனித உரிமை என்று முதலில் சொன்னவர் இவர் இல்லை. டான் கேட்ஸ் 1983லேயே நீளமாக எழுதிவிட்டார். 1989இல் சான்ஃபோர்ட் லெவின்சன் என்ற இடதுசாரிச் சாய்வுள்ள பேராசிரியர், இந்தத் திருத்தம் நம்மைப் போன்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காகப் படிக்காமல் விடலாமா என்று தன் கட்சிக்காரர்களையே கேட்டு எழுதினார். அதைப் படித்துத்தான் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 11

கனடா நண்பருக்கு: ஹெல்லர் தீர்ப்பு "எங்கே வேண்டுமானாலும் துப்பாக்கியோடு திரியலாம்" என்று சொல்லவில்லை. வாஷிங்டன் நகரத்தில் வீட்டுக்குள்ளேகூடக் கைத்துப்பாக்கி கூடாது என்று இருந்த தடையை அடித்தது, அவ்வளவுதான். 2010இல் மெக்டொனால்ட் வழக்கு அதை மாநிலங்களுக்கும் நீட்டியது. தெருவில் எடுத்துப்போகும் உரிமை வந்தது 2022இல், ப்ரூயன் வழக்கில், 6க்கு 3. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறாதீர்கள்.

பிப்ரவரி 13

நான் உண்மையில் பேச வந்தது வேறு கட்டுரை. 2009இல் ஸ்டான்ஃபோர்ட் சட்ட இதழில் வோலக் எழுதியது. உயிரைப் பறிக்காத, அல்லது அநேகமாகப் பறிக்காத ஆயுதங்கள் பற்றியது. மின்னதிர்ச்சி தரும் ஸ்டன் கன், டேசர், கண்ணெரிச்சல் தரும் பெப்பர் ஸ்ப்ரே. துப்பாக்கி ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் இதை அதிகம் படிப்பதில்லை. இரண்டு தரப்புக்கும் இதில் கோஷம் கிடைக்காது.

அவர் காட்டும் கோமாளித்தனம் இதுதான். அப்போது ஏழு மாநிலங்களில் ஸ்டன் கன் வைத்திருப்பதே குற்றம். என் நியூ ஜெர்சியும் அதில் ஒன்று. அதே மாநிலங்களில் அனுமதி வாங்கி வீட்டில் கைத்துப்பாக்கி வைக்கலாம். கொல்லும் கருவிக்கு வழி உண்டு, கொல்லாத கருவிக்கு ஜெயில். மாசசூசெட்ஸில் பெப்பர் ஸ்ப்ரே வாங்கவே துப்பாக்கிக்கான அடையாள அட்டை வேண்டும் என்று இருந்தது. 2014இல்தான் பெரியவர்களுக்கு அதை விட்டார்கள்.

இதில் யார் அடிபடுகிறார்கள் என்று அவர் பட்டியல் போடுகிறார். உயிரை எடுப்பது பாவம் என்று மதத்தாலோ மனசாட்சியாலோ நினைப்பவர்கள். பழைய தண்டனையால் துப்பாக்கி வைக்கக்கூடாதவர்கள். துப்பாக்கி வாங்கும் வயது வராதவர்கள். துப்பாக்கியை அனுமதிக்காத வளாகங்களில் இருப்பவர்கள். இவர்களுக்கு எந்தக் கட்சியிலும் ஆள் இல்லை.

எனக்குப் பிடித்த இடம் இதற்கும் அடுத்தது. தற்காப்புச் சட்டத்தில் ஒரு படிநிலை உண்டு. உயிர் போகும், படுகாயம் வரும், பாலியல் வன்முறை, கடத்தல் என்ற அளவுக்கு ஆபத்து இருந்தால்தான் கொல்லக்கூடிய பலத்தைப் பயன்படுத்தலாம். அதற்குக் கீழே நடப்பதற்கு, ஒருவன் பிடித்துத் தள்ளுகிறான், கையை முறுக்குகிறான், சுவரோடு சேர்த்து நிறுத்துகிறான் என்றால், துப்பாக்கியை எடுத்துச் சுட்டால் நீங்கள்தான் குற்றவாளி. பயில்வானுக்கு இதில் பிரச்சினை இல்லை, கையாலேயே பார்த்துக்கொள்வார். ஐந்தடி உயரத்தில் ஒல்லியாக இருப்பவர் என்ன செய்வார்? திருப்பி அடிக்கும் உரிமை அவருக்குச் சட்டத்தில் இருக்கிறது, கையில் பலம் இல்லை. அந்த இடைவெளிக்குத்தான் ஸ்ப்ரேயும் ஸ்டன் கன்னும். சட்டம் பிடுங்கியதும் அதையேதான்.

பிப்ரவரி 14

இதைப் படித்துவிட்டு என் மனைவி சொன்னது: "இதுக்கு ஒரு புரொஃபசர் வேணுமாங்க? பார்க்கிங்ல ராத்திரி நடந்து பார்த்தா தெரியும்."

அவள் நர்ஸ். இரவு ஷிஃப்ட் முடிந்து கார் நிறுத்துமிடத்தின் கடைசி மாடிக்குப் போக வேண்டும். நான் வீட்டில் கைத்துப்பாக்கி பற்றிப் பேச்சை எடுத்தபோது ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். ஸ்ப்ரே வாங்கினோம். நியூ ஜெர்சி சட்டப்படி உள்ளிருக்கும் திரவம் முக்கால் அவுன்ஸுக்கு மேல் போகக்கூடாது. சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன டப்பா, லிப்ஸ்டிக்கை விடக் கொஞ்சம் தடிமன். பயிற்சிக்கென்று மருந்தில்லாமல் வெறும் தண்ணீர் நிரப்பியதும் கிடைக்கும், அதையும் வாங்கிப் பின்கட்டில் பழகினோம். அதில் தெரிந்தவை: பனிக்காலக் கையுறை போட்ட விரலால் டப்பாவின் பாதுகாப்புப் பூட்டை நகர்த்த முடியவில்லை. எதிர்க்காற்றில் அடித்தால் பாதி நம் மூஞ்சியில். கைப்பையின் அடியில் போட்டு வைத்தால் இல்லாததற்குச் சமம். இப்போது உறையைக் கழற்றி, டப்பாவைக் கோட்டுப் பையில் விரலோடு வைத்துக்கொண்டுதான் லிஃப்டிலிருந்து இறங்குகிறாள். டப்பாவில் காலாவதித் தேதி வேறு உண்டு, தேதி தாண்டினால் உள்ளே அழுத்தம் குறைந்து தூரம் போகாது.

சட்டக் கட்டுரைகளில் "ஆயுதம்" என்று ஒரு சொல்லோடு போய்விடுகிறார்கள். அந்தப் பூட்டை நகர்த்தப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கும் கைக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

பிப்ரவரி 14, இன்னும் கொஞ்சம்

டேசர், ஸ்டன் கன் இரண்டும் ஒன்றா என்று கேட்டவருக்கு. ஸ்டன் கன் உடம்பில் தொட்டு வைக்க வேண்டும், அதாவது அவன் ஏற்கெனவே உங்களைப் பிடித்திருப்பான். டேசர் கம்பி கட்டிய இரண்டு முட்களைச் சில அடி தூரத்துக்கு எறியும். பொதுமக்களுக்கான டேசர் ஒருமுறை அழுத்தினால் முப்பது வினாடி ஓடும்: அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்பதற்காக. சுட்டதும் எண் அச்சிட்ட குட்டிக் காகிதத் துணுக்குகள் கல்யாண வீட்டு ஜிகினா மாதிரி சிதறும். யார் வாங்கிய டேசர் என்று போலீஸ் அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். தோட்டாவிலேயே விலாசம் எழுதி அனுப்பும் திருடன் யார் இருக்கிறான்?

பிப்ரவரி 16

தனிமடலில் வந்த கேள்விக்குப் பொதுவில் பதில், பலருக்கும் உதவும்.

எச்1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கலாமா? பொதுவாகக் கூடாது. குடியேற்றமில்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டமே தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. "மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்தாப் போதும்பா" என்று நம் ஆட்கள் வாட்ஸாப்பில் சொல்வது அதைத்தான். அதை நம்பிக் கடைக்குப் போகும் முன் வக்கீலிடம் கேளுங்கள், மாட்டினால் விசாவும் சேர்ந்து போகும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

வோலக்கின் பட்டியலில் நான் சேர்க்க விரும்பும் ஆட்கள் இவர்கள்தான். வரி கட்டுகிறார்கள், வீடு வாங்குகிறார்கள், இரவில் பெட்ரோல் பங்க்கிலும் மோட்டல் வரவேற்பிலும் நிற்கிறார்கள். துப்பாக்கி உரிமை பற்றி நாட்டில் எவ்வளவு சத்தம் போட்டாலும் இவர்களுக்கு அதில் ஒரு துளியும் இல்லை. பெப்பர் ஸ்ப்ரே மத்திய சட்டத்தில் துப்பாக்கி ஆகாது. நானும் அந்த விசாவில் பல காலம் இருந்தவன். அப்போது நியூ ஜெர்சியில் ஸ்டன் கன்னும் குற்றம். மிச்சம் இருந்தது ஸ்ப்ரேயும் காலும்தான்.

பிப்ரவரி 17

"அந்தக் கட்டுரையால் ஏதாவது மாறியதா?" என்ற கேள்வி நியாயமானது.

கட்டுரையால்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காற்று அந்தப் பக்கம் அடித்தது. 2012இல் மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்டன் கன் தடையை ரத்து செய்தது. 2016இல் கேட்டானோ வழக்கு. மாசசூசெட்ஸில் ஒரு பெண். பழைய காதலன் அவளை அடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவன். நீதிமன்றத் தடையுத்தரவு ஒன்றல்ல, பல வாங்கியும் நிற்கவில்லை. அவன் அவளைவிட ஏறக்குறைய ஓரடி உயரம், நூறு பவுண்டு எடை அதிகம். வேலை முடிந்து வெளியே வந்தவளை வழிமறித்தான். நண்பர் ஒருவர் கொடுத்திருந்த ஸ்டன் கன்னை எடுத்துக் காட்டினாள், அழுத்தக்கூட இல்லை. அவன் போய்விட்டான். பின்னொரு நாள் போலீஸ் அவள் கைப்பையில் அதைக் கண்டெடுத்து வழக்குப் போட்டது. மாநில உச்ச நீதிமன்றம், 1791இல் இல்லாத நவீனக் கருவி, எனவே பாதுகாப்பு இல்லை என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டே பக்கத்தில் அதைத் தூக்கிப் போட்டது. அலிட்டோவும் தாமஸும் மட்டும் தனியாக நீளமாக எழுதினார்கள், விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

பிறகு 2017இல் நியூ ஜெர்சி தன் தடையைக் கைவிட்டது, 2018இல் மாசசூசெட்ஸ் தடை விழுந்தது, 2022இல் ரோட் ஐலண்ட்.

பிப்ரவரி 17, பின்குறிப்பு

சென்னை நண்பர் கொட்டு வைத்தார்: "நம்ம ஊர்ல மிளகாய்ப்பொடி தூவி நகை பறிக்கிற செய்தி பேப்பர்ல வருதே, அந்தப் பொடியைத்தான் உங்க அம்மணி டப்பால வச்சிருக்காங்க." வாஸ்தவம்தான், இரண்டிலும் எரிவது ஒரே சரக்கு. கொல்லாத ஆயுதம் என்றால் திருடனுக்கும் அது சௌகரியம், கொலைக் கேஸ் வராது.

வோலக் தரப்புப் பதில் என்னவாக இருக்கும் என்றால், கொள்ளையடிக்கிறவனுக்குக் கத்தியும் துப்பாக்கியும் ஏற்கெனவே இருக்கின்றன, தடை நல்லவர்களைத்தான் நிறுத்தும். தெருக் கொள்ளைக்கு இது சரி. வீட்டுக்குள் நடப்பதற்குச் சரியா? அடையாளம் விடாமல் வலிக்க வைக்கும் மின்கருவி, மனைவியை அடிக்கும் கணவன் கையில் என்ன ஆகும்? கேட்டானோ வழக்கில் அந்தக் கருவி பெண்ணின் கைப்பையில் இருந்தது, அதனால் நமக்குப் பிடிக்கிறது. அவன் பையில் இருந்திருந்தால்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. தடை கூடாது என்ற முடிவில்தான் இன்னும் நிற்கிறேன். ஆனால் முந்தாநாள் இருந்த அளவுக்கு நிம்மதியாக இல்லை.

பிப்ரவரி 22

டெக்சாஸ் நண்பர் வோலக்கைத் "நம்மாளு" என்கிறார். அவர் எழுதியதெல்லாம் உங்களுக்குப் பிடிக்காது நண்பரே. 2009லேயே இன்னொரு நீளக் கட்டுரை, அவருடைய பல்கலைச் சட்ட இதழில். எல்லாத் துப்பாக்கிச் சட்டத்துக்கும் ஒரே அளவுகோல் வைக்காதீர்கள், நான்கு கேள்வி கேளுங்கள் என்கிறார். இது உரிமையின் எல்லைக்குள் வருகிறதா? தற்காப்பை எவ்வளவு முடக்குகிறது? ஆபத்தைக் குறைக்கிறதா? அரசு தன் சொந்த இடத்தில் போடும் விதியா? இப்படிக் கேட்டால் சில தடைகள் நிற்கும். சில துப்பாக்கிகளை "அசால்ட்" (ராணுவத் தாக்குதல்) வகை என்று பெயர் வைத்துத் தடுக்கும் சட்டங்கள் தற்காப்பைப் பெரிதாக முடக்குவதில்லை, அதே வேலையைச் செய்யும் வேறு துப்பாக்கி சட்டப்படி கிடைக்கிறது என்பது அவர் கணிப்பு. தடையால் பயனும் இல்லை என்று சேர்த்துச் சொல்வார், அது வேறு.

இந்த நான்கில் மூன்றாவதைத்தான் ப்ரூயன் தீர்ப்பு குப்பையில் போட்டது. ஆபத்தைக் குறைக்கிறதா என்று கேட்காதே, நாட்டின் வரலாற்றில் இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்ததா என்று மட்டும் பார் என்றது. உரிமைக்காரர்கள் வெடி வெடித்தார்கள். எனக்கு உறுத்துவது வேறு. 19ஆம் நூற்றாண்டில் பல மாநிலங்கள் துப்பாக்கி அல்லாதவற்றையும் தடுத்திருக்கின்றன: போவி என்ற பெரிய கத்தி, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு, விரலில் மாட்டும் இரும்பு. வரலாறுதான் அளவுகோல் என்றால் கைத்துப்பாக்கி தப்பிக்கும், அதைவிடச் சின்னச் சாமான் மாட்டிக்கொள்ளலாம். வோலக்கின் பழைய நான்கு கேள்விகளே தேவலை என்று தோன்றுகிறது.

2024இல் ரஹிமி வழக்கு வந்ததும் நீதிமன்றமே கொஞ்சம் பின்வாங்கியது. குடும்ப வன்முறைத் தடையுத்தரவு உள்ளவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாம், 8க்கு 1. அந்த ஒருவர் ப்ரூயன் எழுதிய தாமஸ். கேட்டானோவையும் ரஹிமியையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். தடையுத்தரவு வாங்கியும் பயனில்லாத பெண் ஒருபக்கம், தடையுத்தரவுக்கு ஆளான ஆண் மறுபக்கம்.

பிப்ரவரி 23

யாரோ காந்தியை இழுத்தார்கள். அமெரிக்கத் துப்பாக்கி ஆதரவாளர்களுக்கு அது மனப்பாடம்: ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம்தான் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கறுப்பான செயலாக வரலாற்றில் நிற்கும் என்றது. சொன்னது உண்மைதான். 1918இல் கேடா மாவட்டத்தில் முதல் உலகப்போருக்கு ஆள் சேர்த்தபோது சொன்னது, பட்டாளத்தில் சேர்ந்து ஆயுதம் பழகுங்கள் என்பதற்காக. பார்க்கப்போனால் அது மிலிஷியா வாதம். ஸ்டீவன்ஸ் பக்கம் சாய்கிறது!

பிப்ரவரி 23, இரவு

இந்தியச் சட்டத்தைக் கேட்டவருக்குச் சுருக்கமாக. தற்காப்பு உரிமை அங்கே தாராளமாகவே உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, புதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. எந்தெந்த நிலையில் தாக்குபவனின் உயிர் போனாலும் குற்றமில்லை என்று பட்டியலே இருக்கிறது, 2013இல் ஆசிட் வீச்சையும் அதில் சேர்த்தார்கள். ஆனால் துப்பாக்கி வேண்டுமென்றால் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ், அது உரிமை இல்லை. காத்துக்கொள்ளும் உரிமை வேறு, கருவிக்கான உரிமை வேறு என்று அங்கே பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். வோலக் அந்த ஒட்டை ஏற்றுக்கொண்டு, சரி, கருவி என்றால் துப்பாக்கி மட்டும்தானா என்று கேட்கிறார்.

மார்ச் 2

எதை முதலில் படிப்பது என்று இன்னும் கேள்வி வருகிறது. ஸ்டான்ஃபோர்ட் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். 1998 கட்டுரை அடிக்குறிப்புப் பிரியர்களுக்கு. 2003இல் ஹார்வர்ட் சட்ட இதழில் வந்த "சறுக்குப் பாதை" பற்றிய கட்டுரை துப்பாக்கி பிடிக்காதவர்களுக்கும் ருசிக்கும். இன்று பதிவு செய் என்பார்கள், நாளைக்கு அந்தப் பட்டியலை வைத்துப் பறிமுதல் செய்வது சுலபமாகிவிடும், எனவே நல்ல சட்டத்தையும் எதிர்ப்பது எப்போது புத்திசாலித்தனம் என்று அக்கக்காகப் பிரிக்கிறார். ஆதார் பற்றி நாம் போட்ட சண்டை ஞாபகம் வரும்.

மார்ச் 9

நியூயார்க்கில் இருக்கும் தங்கைக்கு இங்கிருந்து ஸ்ப்ரே வாங்கி அனுப்பலாமா என்று கேட்டவருக்கு: அனுப்பாதீர்கள். அங்கே துப்பாக்கி விற்கும் லைசென்ஸ் உள்ள கடையிலோ மருந்துக்கடையிலோ நேரில் போய், படிவத்தில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டார்கள். தண்ணீர் நிரப்பிய பயிற்சி டப்பாவும் ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.